கருவி இசைக்கு இணங்கட்டும்

சங்கீதத்தில் ஆசை கொண்டு கணினியில் இசை அமைக்கப் புறப்படும் நம் இளைஞர்களும் யுவதிகளும், எந்த மென்பொருள் உயர்ந்தது என்னும் விசாரத்திலேயே மூழ்கி, இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாக இறக்கிப் பார்த்து, ஒரு பாட்டையும் முடிக்காமலே வருஷங்களைக் கழித்துவிடுவதைக் காணும்போது, அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

கருவி நம் இசைக்கு இணங்குமா என்னும் அந்தக் கேள்வியை நம் மயிலாடுதுறைச் சீமை முன்பே கேட்டு, விடையும் கண்டிருக்கிறது. உச்ச சுருதியில் ஒலிக்கும் குட்டையான திமிரி நாயனமே வழங்கிவந்த காலத்தில், திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்துவந்த ரங்கநாதன் ஆசாரியின் துணைகொண்டு, சுத்த மத்தியமம் பிசகின்றிப் பேசும் நீண்ட பாரி நாயனத்தை நிலைபெறச் செய்தார். 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊர்க் கைத்தொழிலின் பெருமை, வித்துவான் தம் செவிக்கு ஏற்றபடி கருவியைத் திருத்திக்கொண்டார் என்பதில் அடங்கியிருக்கிறது.

கணினி இசைக்கும் இது பொருந்தும். வெவ்வேறு கம்பெனிகளின் வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 1983-இல் வகுக்கப்பட்ட மிடி முறை, ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாக்கும் கீபோர்டையே மனத்தில் கொண்டு பிறந்தது. தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரத்தைவிட அந்தக் கீபோர்டின் காந்தாரம் சற்றே உயர்ந்து நிற்கிறது. அசைவினாலேயே உயிர்பெறும் தோடி காந்தாரமோ, ஒரு கட்டையை அழுத்துவதனால் மட்டும் கிடைப்பதில்லை. ஆயினும் பரிகாரம் உண்டு. வழக்கமாக மேலும் கீழும் இரண்டு ஸ்வரஸ்தான தூரமே நகரும் பிட்ச் பெண்ட் சக்கரத்தின் வீச்சை விரித்துக்கொண்டு, கமகத்தைக் கையால் பயிலலாம். இலவசமாகக் கிடைக்கும் சர்ஜ் எக்ஸ்டி என்னும் சிந்தசைசரில் சுருதி அளவுகளையே மாற்றி அமைக்கலாம். 2024-இல் வந்த ஏபிள்டன் லைவ் 12 என்னும் இசை மென்பொருளிலும் அதற்கு வசதி இருக்கிறது.

ஆகையால், வீட்டிலுள்ள கணினியில் தடையின்றி ஓடுமா, நம் ஸ்வரங்களுக்கு இணங்குமா என்னும் இரண்டு பரீட்சைகளே மென்பொருளைத் தேர்வதற்குப் போதுமானவை. லாஜிக் ஆப்பிள் சாதனங்களில் மட்டுமே ஓடுவது. எஃப்எல் ஸ்டூடியோவை ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுவதும் புதிய பதிப்புகள் இலவசம். ஆனால் அதன் சோதனைப் பதிப்பில், சேமித்த வேலையை மறுபடி திறக்க முடியாது. எல்எம்எம்எஸ் முற்றிலும் இலவசமாயினும், குரலையோ வாத்தியத்தையோ பதிவுசெய்ய அதற்கு வேறொரு துணை வேண்டும். அறுபது நாள் சோதனைக்குத் தரப்படும் ரீப்பர், பழைய கணினியிலும் ஓடுமளவு சிறியது. தனிமனிதருக்கான அதன் விலையும், விலைக்கு விற்கும் மற்றவற்றைவிடக் குறைவு. பணமில்லை என்பதற்காகக் 'கிராக்' பதிப்பைத் தேடுவது பிறர் உழைப்பைத் திருடுவதோடு, கணினிக்குள் வைரஸை அழைத்துக்கொள்வதுமாகும். இலவசமானவையும் மலிவானவையும் இருக்க, அதற்கு அவசியமும் இல்லை. எதை எடுத்தாலும், சில பாட்டுகளையேனும் ஆரம்பம் முதல் முடிவு வரை அதிலேயே அமைத்துப் பார்த்த பிறகே வேறொன்றை நாடுவது உத்தமம்.

மின்சாதனம் நம் சங்கீதத்தைக் கெடுத்துவிடும் என்று அஞ்சும் பெரியவர்கள், பெங்களூர் ராஜ் நாராயண் 1979-இல் உருவாக்கிய எலெக்ட்ரானிக் தம்புரா இன்று எத்தனை கச்சேரி மேடைகளில் சுருதி சேர்க்கிறது என்பதை எண்ணிப் பார்க்கட்டும். ஆகவே, குரலும் நாகசுரமும் தவிலும் தேவாரமும் கற்பிக்கும் சீர்காழி அரசு இசைப்பள்ளியில், இரண்டு கணினிகளையும் சில இலவச மென்பொருள்களையும் வைத்து, சுருதியறிந்த ஆசிரியரின் மேற்பார்வையில் கணினி இசைக்கும் ஒரு வகுப்பைத் தொடங்கினால், ராகம் தெரிந்த பிள்ளைகள் யந்திரத்தையும், யந்திரம் தெரிந்த பிள்ளைகள் ராகத்தையும் கற்றுக்கொள்வார்கள். பெரும் செலவு வேண்டாத இக்காரியத்தைக் கலை பண்பாட்டுத் துறை இந்தக் கல்வியாண்டிலேயே செய்யலாம்; செய்ய வேண்டும்.