கண்காணிப்புக்கும் வேண்டும் கடிவாளம்!

மும்பையில் பொழுது புலர்வதற்கு முன்பே லாரிகள் புறப்பட்டுவிடுகின்றன. செம்பூரை ஒட்டிய மாஹுல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து பெட்ரோலும் டீசலும் ஏற்றிய டேங்கர்கள், தாராவியின் 90 அடி சாலையிலிருந்து தோல் பொருள்களை ஏற்றிச் செல்லும் வேன்கள், மாதுங்கா கடைவீதிக்குக் காய்கறி கொண்டுவரும் சிறு வண்டிகள் என்று அந்த மாநகரின் அன்றாட வாழ்க்கையே ஓட்டுநர்களை நம்பித்தான் நகர்கிறது. உத்தரப் பிரதேசம், பிகாரிலிருந்து வந்தவர்களோடு, நெல்லைச் சீமையிலிருந்து சென்று தலைமுறைகளாகத் தாராவியில் வாழும் தமிழர்களும், நாமக்கல், சங்ககிரியிலிருந்து லோடு ஏற்றிவரும் லாரி ஓட்டுநர்களும் இந்தச் சாலைகளில் வண்டி ஓட்டுகிறார்கள்.

தங்கள் வண்டி எங்கே நிற்கிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதை முதலாளி அறிந்துகொள்வது இவர்களுக்குப் புதிதல்ல. எண்ணெய் நிறுவனங்களின் டேங்கர் லாரிகளில் ஜிபிஎஸ் கருவி பல ஆண்டுகளாக இருக்கிறது. இப்போது பரவி வருவது வேறு வகைக் கண்காணிப்பு. முன்கண்ணாடியில் பொருத்தப்படும் கேமரா சாலையைப் பார்ப்பதோடு ஓட்டுநரின் முகத்தையும் பார்க்கிறது. அவர் கொட்டாவி விட்டாலும், கைப்பேசியைக் கையில் எடுத்தாலும், சீட் பெல்ட் அணியாவிட்டாலும் எச்சரிக்கை ஒலிக்கிறது. அந்தக் காட்சி பதிவாகி நிறுவனத்தின் அலுவலகத்துக்குச் செல்கிறது. ஓட்டுநருக்கு மதிப்பெண்ணும் போடப்படுகிறது.

அமெரிக்காவில் 2021-ஆம் ஆண்டு அமேசான் நிறுவனம் தனது பொருள்களை வீடுகளுக்குக் கொண்டுசெல்லும் வேன்களில் நெட்ராடைன் என்ற நிறுவனத்தின் கேமராவைப் பொருத்தத் தொடங்கியபோது இது உலகின் கவனத்துக்கு வந்தது. நான்கு லென்ஸ்கள் கொண்ட அக்கருவியில் ஒன்று ஓட்டுநரை நோக்கியே இருக்கும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடாவிட்டால் வேலை இல்லை என்ற நிலையில் ஓட்டுநர்கள் கையெழுத்திட்டனர். அந்நாட்டு செனட் உறுப்பினர்கள் ஐவர் விளக்கம் கேட்டு அமேசானுக்குக் கடிதம் எழுதினர். வேறொரு வாகனம் குறுக்கே புகுந்ததற்கும் தங்கள் மதிப்பெண் குறைந்தது, ஊக்கத்தொகை பறிபோனது என்று ஓட்டுநர்கள் சிலர் பின்னர் குறை கூறினர். அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட நெட்ராடைனுக்கு பெங்களூரிலும் பெரிய அலுவலகம் உண்டு. இந்தியாவின் சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களும் இத்தகைய கருவிகளைப் பொருத்தி வருகின்றன. ஆகவே, இது அயல்நாட்டுச் சங்கதி என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

கேமராவே கூடாது என்று வாதிடுவது பொறுப்பாகாது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பது மத்திய அரசின் கணக்கு. கண் அயரும் ஓட்டுநரை ஒரு மணியோசை எழுப்பிவிடுமானால், அது அவரது உயிரையும் எதிரே வருபவர் உயிரையும் காக்கும். லாரிகளிலும் பேருந்துகளிலும் உறக்க எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்க மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 மார்ச்சில் வரைவு அறிவிக்கை வெளியிட்டதன் நோக்கமும் அதுவே. ஆனால், ஓட்டுநரை எழுப்புவது வேறு. அவரது முகத்தை நாள் முழுதும் பதிவு செய்து, மதிப்பெண் போட்டு, அதைக் கொண்டு கூலியை நிர்ணயிப்பது வேறு. முன்னது பாதுகாப்பு. பின்னது அதிகாரம்.

ஓட்டுநர் ஏன் கண் அயர்கிறார் என்ற கேள்வியை அந்தக் கேமரா கேட்பதில்லை. நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேர ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. அச்சட்டம் இப்போது தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டத்துக்குள் அடக்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் அந்தத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஏட்டில் எது இருந்தாலும், நடைக் கணக்கில் கூலி பெறுகிற ஓட்டுநருக்கு, வண்டி நின்றால் வருமானம் நின்றுபோகும் என்பதே நடைமுறைச் சட்டம். இமை மூடுவதைக் கேமரா பதிவு செய்கிறது. இறக்கிய கையோடு அடுத்த லோடுக்குக் கிளம்பு என்று உத்தரவிட்டவரின் முகம் அதில் பதிவாவதில்லை.

செம்பூரை அடுத்த குர்லாவில் 2024 டிசம்பர் 9 அன்று நடந்த கோரத்தை மும்பைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பெஸ்ட் நிறுவனம் குத்தகை முறையில் இயக்கிய மின்சாரப் பேருந்து கட்டுப்பாடிழந்து நெரிசல் மிகுந்த சாலையில் பாய்ந்ததில் குறைந்தது 7 பேர் உயிரிழந்தனர். 40-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். பேருந்துக்குள் கேமரா இருந்தது. அதன் காட்சிகளை நாடே பார்த்தது. ஆனால், புதுவகை வாகனத்தை ஓட்ட அந்த ஓட்டுநருக்குப் போதிய பயிற்சி தரப்பட்டதா என்ற கேள்விக்கான விடையை எந்தக் கேமராவும் பதிவு செய்திருக்கவில்லை. வண்டிக்குள் இருக்கும் கடைசி மனிதரை மட்டுமே பார்க்கும் கண், பழியையும் அவர் மீது மட்டுமே சுமத்தும்.

இந்த ஏற்றத்தாழ்வைச் சமன் செய்ய வேண்டிய சட்டம் அதை மேலும் வளர்க்கிறது என்பதுதான் வேதனை. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் பின்னணியில் 2019-இல் கொண்டுவரப்பட்ட மசோதா, வேலை தொடர்பாக ஒப்புதலின்றித் தரவுகளைக் கையாள முதலாளிக்கு வழிவிட்டாலும், உடற்கூறு அடையாளங்கள் உள்ளிட்ட நுண்ணிய தரவுகளுக்கு அந்தச் சலுகை பொருந்தாது என்று வரம்பு கட்டியிருந்தது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்த அந்த மசோதா 2022 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது.

அதற்குப் பதிலாக வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இரு அவைகளிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அதன் 7-ஆவது பிரிவு, வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்கும், முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் தொழிலாளியின் ஒப்புதலின்றியே தரவுகளைக் கையாளலாம் என்கிறது. நுண்ணிய தரவு என்ற தனி வகையே அச்சட்டத்தில் இல்லை. தன்னைப் பற்றிய தரவுகளைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தரும் 11-ஆவது பிரிவோ, ஒப்புதல் அளித்தவருக்கு மட்டுமே அந்த உரிமையை வழங்குகிறது. ஒப்புதல் கேட்கப்படாத ஓட்டுநருக்கு, தன் முகம் பதிந்த காட்சியின் நகலைக் கேட்கும் உரிமையும் இல்லை என்பதுதான் இவ்விரு பிரிவுகளையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பொருள்.

இது ஏட்டுச் சிக்கல் அல்ல. விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் தராமல் தப்பிச் செல்லும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து, 2024 ஜனவரித் தொடக்கத்தில் மகாராஷ்டிரம் உள்ளிட்ட மாநிலங்களில் டேங்கர், லாரி ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினர். பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டது. அந்தப் பிரிவு மட்டும் நடைமுறைக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது. அத்தகைய வழக்கு ஒன்றில் ஓட்டுநர் குற்றமற்றவர் என்பதற்கான ஒரே சான்று அவரது வண்டியின் கேமராவில் இருக்கலாம். அதை வெளியிடுவதும் மறைப்பதும் முதலாளியின் விருப்பம் என்றால், நீதி எங்கே நிற்கும்?

பிற இடங்களில் விழிப்பு ஏற்பட்டிருக்கிறது. செயலி வழி வேலை செய்வோரின் உணர்வு நிலை, தனிப்பட்ட உரையாடல் ஆகியவற்றைக் கருவிகள் கொண்டு கையாளக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் விதி இயற்றியது. கர்நாடகம் 2025-இல் இயற்றிய சட்டமும், தானியங்கிக் கண்காணிப்பு எப்படி இயங்குகிறது என்பதைச் செயலி நிறுவனங்கள் தொழிலாளர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால், இவை செயலி வழித் தொழிலாளர்களுக்கானவை. லாரி நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கோ நடைக்கூலிக்கோ வேலை செய்பவரை இவை காப்பதில்லை.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டபோது, முக்கியப் பிரிவுகள் 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது. அந்த அவகாசம் நிறுவனங்கள் தங்களைத் தயார்படுத்திக் கொள்வதற்கு மட்டுமானதாக இருக்க வேண்டியதில்லை; சட்டத்தின் ஓட்டையை அடைப்பதற்கும் அது பயன்படட்டும்.

நெடுந்தொலைவு செல்லும் ஓட்டுநருக்கு லாரியின் கேபின்தான் வீடு. அங்கேதான் அவர் உண்கிறார், உறங்குகிறார், ஊரிலுள்ள மனைவி மக்களோடு பேசுகிறார். எனவே, வண்டி நிற்கும்போது முகம் பார்க்கும் கேமரா அணைந்திருக்க வேண்டும். பேச்சு பதிவாகக் கூடாது. பதிவின் நகல் கேட்கும் ஓட்டுநருக்குக் கிடைக்க வேண்டும். இயந்திரம் போட்ட மதிப்பெண்ணை மட்டும் வைத்து, விளக்கம் கேட்காமல், கூலியைக் குறைக்கவோ வேலையைப் பறிக்கவோ கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் உறக்க எச்சரிக்கையோடும் அன்று அவர் எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டினார் என்ற கணக்கும் சேர்ந்து பதிவாகி, தொழிலாளர் துறையின் ஆய்வுக்கு உட்பட வேண்டும்.

ஓட்டுநர் கண் அயர்ந்தார் என்று காட்டும் கருவியே, அவரை உறங்கவிடாதவர் யார் என்பதையும் காட்டட்டும். அதற்கு வழி செய்யும் கடமை நாடாளுமன்றத்துக்கு இருக்கிறது!