கடலுக்கு வேலி யாருக்காக?

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார் கரையோரங்களில் ஆழம் குறைந்த கடலில் கம்பு நட்டு வலை கட்டியிருப்பதைக் காணலாம். அவை கடலட்டைப் பண்ணைகள். இலங்கையில் கடலட்டையைச் சாப்பிடுவார் இல்லை என்றே சொல்லலாம். அவித்துக் காயவைத்து சீனா, ஹொங்கொங், சிங்கப்பூர் என்று அனுப்பிவிடுகிறார்கள். விலையோ பெரிய விலை! 2022இல் நாடு டொலர் இல்லாமல் தவித்த நேரம், வடக்கிலும் மட்டக்களப்பிலும் இதைப் பெரிய அளவில் செய்ய அமைச்சரவை அனுமதி கொடுத்தது.

வளர்ப்பு முறையில் குறை சொல்ல அதிகம் இல்லை. இறால் பண்ணை போலத் தீனி கொட்டத் தேவையில்லை. குஞ்சை விட்டால் கடலடி மண்ணில் கிடக்கும் கழிவுகளைத் தின்று வளர்ந்துவிடும்.

சிக்கல் இடத்தில்தான். அட்டைக்குப் பிடித்தது கடற்புல் வளரும் ஆழமில்லாத கடல். இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தில் வளர்வது அங்கேதான். பெரிய படகு வாங்க வசதியில்லாதவர்கள் சிறகுவலை, களங்கண்டி வைத்துப் பிழைப்பதும் அங்கேதான். அதற்குள் வேலி வந்தால் அவர்கள் எங்கே போவது? தள்ளிப் போனால் இந்திய இழுவைமடிப் படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன. (இழுவைமடியை இலங்கை 2017இலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. சட்டத்துக்குத்தான் நீந்தத் தெரியவில்லை!) 2022இல் கிராஞ்சி மீனவர்கள் பண்ணைகளுக்கு எதிராகத் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தது சும்மா இல்லை.

எல்லாம் சீனர்களின் பண்ணை என்று கத்துவதும் சரியில்லை. உள்ளூர்க்காரர் பலரும் பண்ணை வைத்திருக்கிறார்கள். யார் போட்ட வேலியாக இருந்தாலும் பக்கத்தில் வலை வைப்பவருக்கு நட்டம் ஒன்றுதான்.

வணிகம் படிப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். அட்டை கொண்டுவரும் டொலர் ஏற்றுமதிக் கணக்கில் ஏறுகிறது. கைவிட்டுப் போன இறாலும் நண்டும் எந்தப் பேரேட்டிலும் செலவாக எழுதப்படுவதில்லை. பாதிக் கணக்கை வைத்துக்கொண்டு லாபம் என்று சொல்ல முடியுமா?

நீரியல் வளர்ப்பு அதிகாரசபை அனுமதி கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும். முதல் உரிமை அந்தந்த ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு இருக்கட்டும். ஒரு ஊர்க் கடலில் எத்தனை ஏக்கருக்கு மேல் வேலி கூடாது என்பதை, அங்கே பிடிபடும் இறால், நண்டையும் கணக்கெடுத்துத் தீர்மானித்து, அந்த அறிக்கையைத் தமிழில் சங்கக் கட்டடத்தில் ஒட்ட வேண்டும். படகு போகப் பாதை விடுவதும் எழுத்தில் இருக்க வேண்டும். இப்போதுள்ள பண்ணைகளின் அனுமதியைப் புதுப்பிக்கும்போதே இந்த நிபந்தனைகளைத் தொடங்கிவிடலாம்.