அடகுக் கடையும் மூன்று சிங்கராயர்களும்

போப்பாண்டவர் ஒருவர் கூலி, சம்பளம் என்று வாயைத் திறந்தால் போதும், அவருக்குக் ‘கம்யூனிஸ்ட்’ பட்டம் கட்ட ஒரு கூட்டம் தயாராக நிற்கிறது. மேல்தட்டில் செல்வம் பெருகினால் அது தானாகக் கசிந்து ஏழையின் கலயத்துக்கும் வந்துவிடும் என்ற நம்பிக்கையை 2013இல் பிரான்சிஸ் ஒரு மடலில் சந்தேகித்தார். அமெரிக்க வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா அதைச் சுத்த மார்க்சியம் என்று தள்ளிவிட்டார். இப்போது இருப்பவர் பதினான்காம் லியோ. அறுபது வருடங்களுக்கு முன்பு நிறுவனத் தலைவர் தொழிலாளியைவிட நாலு மடங்கு, ஆறு மடங்கு வாங்கினார், இப்போது அறுநூறு மடங்கு வாங்குகிறார் என்று 2025 செப்டம்பரில் வெளியான பேட்டியில் சொன்னார். தேய்ந்த ரெக்கார்டு மறுபடி சுழலத் தொடங்கியது. இந்த வாரமும் அது காதில் விழுந்துவிட்டதால், பட்டம் கட்டுகிறவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு சொல்லலாம் என்று உட்கார்ந்தேன்.

நம் பழைய கத்தோலிக்கப் புத்தகங்கள் லியோவைச் சிங்கராயர் என்று அழகாக எழுதும். 2025 மே மாதம் பதவிக்கு வந்ததும் இவர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டதற்கு முக்கியக் காரணம், 1891இல் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலை எழுதிய பதின்மூன்றாம் சிங்கராயர். அந்த மடலைப் படித்தவர் யாரும் அவரைக் கம்யூனிஸ்ட் என்று சொல்ல முடியாது. தனியுடைமையை அவர் மூச்சுப்பிடித்துக் காக்கிறார். சோஷலிசத்தைப் பக்கம் பக்கமாக மறுக்கிறார். ஆனால் ஓரிடத்தில் நிறுத்தி ஒன்று சொல்கிறார்: முதலாளியும் தொழிலாளியும் மனமொத்துக் கூலி பேசி முடித்தார்கள் என்பதாலேயே அது நியாயமான கூலி ஆகிவிடாது. வயிற்றுப்பாட்டுக்காகவோ இதைவிட மோசமானது வந்துவிடுமோ என்ற பயத்தாலோ ஒருவன் தலையாட்டினால், அவன் ஒப்பந்தம் செய்தவனல்ல, பலவந்தத்துக்கு ஆளானவன். சந்தையின் முழு நியாயமும் ‘இருவரும் சம்மதித்தார்கள், உனக்கென்ன?’ என்ற கேள்வியில் நிற்கிறது. கிழவர் கை வைத்தது சரியாக அந்த அச்சாணியில்.

இந்த யோசனை 1891இல் திடீரென்று முளைத்ததல்ல. அதன் வேர் வட்டியில் இருக்கிறது. வட்டி என்ற சொல் வந்ததும் இந்தப் பத்தி தடம் மாறிவிடும் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இன்றும் மாறப்போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியின் பெரூஜா நகரில் 1462இல் பிரான்சிஸ்கன் துறவிகள் முன்னின்று ஓர் அடகுக் கடை திறக்கவைத்தார்கள். ‘மோந்தே தி பியெத்தா’ என்று பெயர். இரக்கத்தின் குவியல் என்று வைத்துக்கொள்ளலாம். வசதியுள்ளவர்கள் கொடுத்த பணம்தான் முதல். போர்வையோ செம்புப் பாத்திரமோ கொண்டுவந்து வைத்தால், அதன் மதிப்புக்குக் குறைவாக ஒரு சிறு தொகை கையில் கிடைக்கும். மீட்கும்போது கணக்குப்பிள்ளையின் சம்பளத்துக்கும் கடைச் செலவுக்குமாகக் கொஞ்சம் சேர்த்துக் கட்டவேண்டும். கெடுவுக்குள் மீட்காவிட்டால் பொருள் மூழ்கிவிடும், ஏலத்துக்குப் போகும். இங்கேதான் இந்தக் கடை மற்றக் கடைகளிலிருந்து பிரிகிறது. ஏலத்தில் கடனுக்கும் வட்டிக்கும் மேல் விழுந்த பணம் கடைக்குச் சேராது. பொருளை வைத்தவரைத் தேடிப் போகும். மூழ்கிய பொருளுக்கும் உரியவர் அவரே.

இதில் துறவிகளே இரண்டு பட்டார்கள். அசலுக்கு மேல் ஒரு காசு வாங்கினாலும் பாவம் பாவம்தான் என்று தோமினிக்கன் சபையினர் பலர் கொதித்தார்கள். பரியானி என்ற அகுஸ்தீன் சபைத் துறவி, இது இரக்கக் குவியல் அல்ல, இரக்கமற்ற குவியல் என்று தலைப்பிலேயே குத்தி ஒரு நூல் எழுதினார். கடையை எதிர்த்தவர்களின் பெரிய மூளை காஜெத்தான். பின்னால் 1518இல் லூத்தரை விசாரித்த அதே கர்தினால். திருச்சபையின் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கத்தில் 1515இல் வழக்கை முடித்தவர் பத்தாம் சிங்கராயர். செலவுக்கு மட்டும் வாங்கினால் அது வட்டியாகாது, இதற்கெதிராகப் பிரசங்கம் செய்கிறவன் திருச்சபைக்கு வெளியே என்று தீர்த்துவிட்டார். அவர் ஃபுளோரன்ஸின் மெதிச்சி வங்கிக் குடும்பத்துப் பிள்ளை என்பதை வரலாற்றின் குறும்பு என்றுதான் சொல்லவேண்டும். குறும்பு அல்லாத ஒன்றும் உண்டு. இந்தக் கடைகளுக்காக ஊர் ஊராகப் பேசிய பெல்த்ரே நகர் பெர்னார்தீன் யூத வெறுப்பையும் சேர்த்தே விதைத்தவர். கிறிஸ்தவர் வட்டி வாங்கக் கூடாது என்று தடுத்து, யூதர்களை அந்தத் தொழிலுக்குள் தள்ளி, பிறகு அந்தத் தொழிலுக்காகவே அவர்களைச் சபித்தார்கள். இரக்கத்தின் பெயரால் நடந்த இந்த அநியாயத்தை விட்டுவிட்டு அந்தக் கடையின் பெருமையை மட்டும் பேசுவது யோக்கியமல்ல.

காஜெத்தானின் கட்சி தோற்றாலும், இரு கட்சிக்கும் பொதுவான ஆசான் தாமஸ் அக்குவினாஸ். விற்பனை பற்றி 13ஆம் நூற்றாண்டில் அவர் வைத்த ஒரு வாதத்தை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். ஒரு பொருளைக் கைவிடுவதால் எனக்கு நஷ்டமென்றால் அந்த நஷ்டத்தை விலையில் ஏற்றலாம். ஆனால் வாங்குகிறவருக்கு அது அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதற்காக ஏற்றக் கூடாது. அந்த அவசரம் அவருடையது. என்னுடையதல்லாத ஒன்றை நான் எப்படி விற்பேன்? கடன் வாங்குகிறவன் மனமுவந்துதானே வட்டி கொடுக்கிறான் என்ற எதிர்வாதத்துக்கும் அவரிடம் பதில் இருந்தது: முழுமனதோடு அல்ல, நெருக்கடியால் கொடுக்கிறான். அறுநூறு வருடம் கழித்துப் பதின்மூன்றாம் சிங்கராயர் கூலிக்குச் சொன்னது இதே பதில்.

பொருளாதாரம் படித்தவர்கள் சிரிப்பார்கள். தேவை இல்லாமல் எந்த வியாபாரம் நடக்கிறது, பசி இல்லாவிட்டால் அரிசி எதற்கு என்பார்கள். பஞ்சத்தில் விலை ஏறினால்தான் அடுத்த கப்பல் தானியத்தோடு வரும், ஏறவிடாமல் அமுக்கினால் கப்பலும் வராது என்பார்கள். இது வலுவான வாதம். திருச்சபையின் அறிஞர்களுக்குத் தெரியாததுமல்ல. அமெரிக்கப் பொன்னும் வெள்ளியும் குவிந்ததால் ஸ்பெயினில் விலைவாசி ஏறியதை 1556இலேயே எழுதியவர் அஸ்பில்குவேத்தா என்ற குருவானவர். பஞ்சம் பிடித்த ஊருக்குத் தானியம் கொண்டுபோகிற வியாபாரி, பின்னால் வேறு வியாபாரிகளும் வருகிறார்கள் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டுமா என்று அக்குவினாஸே கேட்டு, நீதிப்படி வேண்டியதில்லை, நடக்கும் விலைக்கு விற்கலாம், சொன்னால் இன்னும் உத்தமன் என்று விட்டுவிட்டார். அந்த விலையை ஊரின் பஞ்சம் ஆக்கியது, அந்த வியாபாரி ஆக்கவில்லை. எதிரே நிற்கும் ஒருத்தியின் முகத்தைப் பார்த்து, இவளுக்கு வேறு போக்கிடமில்லை என்று கணித்து ஏற்றும் விலை வேறு வகை. அடுத்த கப்பல் வாதமும் அவளுக்கு உதவாது. கப்பல் அடுத்த மாதம் வரும். அடுப்பு இன்று மூட்டவேண்டும்.

பைபிள் கதையில் வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனிடம் பணம் இருந்ததால்தானே உதவ முடிந்தது என்று மார்கரெட் தாட்சர் 1980இல் கேட்டார். வாஸ்தவம். அந்தக் கதையில் சத்திரக்காரர் ஒருவரும் இருக்கிறார், இரண்டு தெனாரியம் வாங்கிக்கொள்கிறார், அவரை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பேரம் அடிபட்டுக் கிடந்தவனோடு நடக்கவில்லை. நடக்கத் தெம்புள்ளவன் பேசி முடித்தான். மைக்கேல் நோவாக் போன்ற சந்தை ஆதரவாளர்கள் கொண்டாடிய இரண்டாம் ஜான் பாலின் 1991 மடலும் சந்தைக்கு ‘சரி’ என்றது, சட்டத்தின் வரம்புக்குள் நிற்கும்வரை என்ற நிபந்தனையோடு. பெரூஜா துறவிகள் செய்தது அதைவிட எளிது. விலையைச் சட்டத்தால் கட்டவில்லை. பக்கத்தில் இன்னொரு கடை போட்டு, போர்வையோடு வந்தவளுக்கு முதல் கடையில் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு நடக்க ஒரு வழி வைத்தார்கள்.

சியன்னாவில் 1472இல் தொடங்கிய அப்படியொரு கடை இன்னும் இருக்கிறது. மாரெம்மாவின் மேய்ச்சல் நிலங்களின் வருமானத்தை 1624இல் அதற்கு ஜாமீனாகக் கட்டியதால் ‘மோந்தே தெய் பாஸ்கி’ என்று பெயர். பாஸ்கி என்றால் மேய்ச்சல் நிலம். இன்றும் இயங்கும் வங்கிகளில் உலகிலேயே பழமையானது அதுதான். 2007இல் ஆசை மீறி இன்னொரு வங்கியை 900 கோடி யூரோவுக்கு வாங்கி, கையைச் சுட்டுக்கொண்டது. 2016 டிசம்பரில் தனியாரிடம் 500 கோடி யூரோ திரட்டப் பார்த்தது; போதிய ஆள் வரவில்லை. மறு வருடம் இத்தாலிய அரசு 540 கோடி யூரோ அளவுக்கு இறக்கி, 68 விழுக்காடு பங்கோடு அதைக் கரையேற்றியது. ‘இருவரும் சம்மதித்த விலை’ என்று சந்தை காட்டிய இடத்தில் அந்த வங்கி கையெழுத்துப் போடவேண்டி வரவில்லை. அதற்கும் பக்கத்தில் இன்னொரு கடை திறந்திருந்தது.