என்னை நல்லவனாக்கிக் கொன்றீர்களே!

செங் ஹுவான் பேசுகிறேன். 1919இல் டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்த ‘புரோக்கன் பிளாசம்ஸ்’ படத்தில் வரும் சீனக் கடைக்காரன். நூறு வருஷத்துக்கு மேல் வாய் திறக்கவில்லை. ஊமைப்படமாயிற்றே, திறந்திருந்தாலும் யார் காதில் விழுந்திருக்கும்?

“உனக்கென்ன குறை? அந்தக் காலத்தில் திரையில் சீனன் என்றாலே கத்தியோடு வருவான், பெண்ணைக் கடத்துவான். உன்னையாவது நல்லவனாகக் காட்டினார்களே” என்கிறார்கள். என் வயிறு எரிவதே அங்கேதான்.

புத்தர் சொன்ன சாந்தத்தை வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லலாமென்று கப்பலேறினேன். லண்டன் லைம்ஹவுஸில் எனக்கு மிஞ்சியது ஒரு சின்னக் கடையும் அபினும். குத்துச்சண்டைக்காரன் பர்ரோஸ், பெற்ற மகள் லூசியைச் சாட்டையால் விளாசினான். பதினைந்து வயதுப் பிள்ளை. தள்ளாடி வந்து என் கடையில் விழுந்தவளை மாடியில் கிடத்தி, காயம் துடைத்து, பட்டு உடுத்திவிட்டேன்.

அடுத்து வரும் காட்சியைப் பாருங்கள். அவள் பக்கம் குனிகிறேன். என் முகம் திரை நிறைய வருகிறது, அரங்கம் பதற வேண்டும் என்றே வருகிறது. அவளும் மிரள்கிறாள். அடித்த அப்பனுக்குக் காட்டிய பயங்கரத்தை மருந்து போட்ட எனக்கும் காட்டினார்கள்! நான் பின்வாங்கிவிடுகிறேனாம், என் அன்பு தூயது, புனிதமானது என்று எழுத்து அட்டை போட்டுச் சான்றிதழும் தருகிறார்கள். யார் கேட்டது? அழுக்கை நீங்களே என்மேல் ஏற்றிவிட்டு, நீங்களே கழுவிவிட்டு, பாராட்டும் நீங்களேவா?

நடிகர் பட்டியலில் என் பெயர்கூட இல்லை, ‘மஞ்சள் மனிதன்’ என்று போட்டார்கள். தாமஸ் பர்க் 1916இல் எழுதிய மூலக்கதையின் தலைப்பிலோ சீனரைத் திட்டும் வசைச்சொல்லே இருந்தது.

முகமாவது என்னுடையதா? ரிச்சர்ட் பார்தெல்மெஸ் கண்ணைப் பாதி மூடி, தோளைக் குறுக்கி, முதுகை வளைத்து நடந்தார். எந்தச் சீனன் ஐயா அப்படி நடந்தான்? வில்லத்தனம் செய்யும் சீனன் வேடத்திலும் எட்வர்ட் பீல் என்ற வெள்ளைக்காரர்தான். அசல் சீனர்கள் கும்பலில் நின்றார்கள். ஆசிய நடிகர் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 1915இல் ‘தி சீட்’ படத்தால் பெரும் நட்சத்திரமான செசூ ஹயகாவா, 1918இல் அதே ஹாலிவுட்டில் சொந்தப் படக் கம்பெனியே தொடங்கிவிட்டார். அவர் ஜப்பானியர்தான். ஆனாலும் பார்தெல்மெஸைவிட எனக்கு எவ்வளவோ பக்கம்.

கடைசியில் அப்பன் அடித்து லூசி செத்தாள். நான் அவனைச் சுட்டேன், பிறகு என்னையே குத்திக்கொண்டேன். உயிரோடு விட்டால் இந்த நல்ல சீனனை எங்கே குடிவைப்பது? செத்தவனுக்காக அழுவதில் செலவில்லை. இல்லை, செலவு உண்டு: நியூயார்க்கில் 3 டாலர் டிக்கெட். அப்படி அழுத அமெரிக்காதான் 1882இல் சீனத் தொழிலாளிகளுக்கு அடைத்த கதவை 1943 வரை திறக்கவில்லை.

1936இல் பிரிட்டனில் இதே கதையை மறுபடி எடுத்தார்கள், இந்த முறை பேசும் படமாக. எனக்குக் குரல் வந்துவிட்டது என்று துள்ளினேன். பேசியவர் எம்லின் வில்லியம்ஸ், வேல்ஸ்காரர்.