வால்வு ஆம்ப்பை வீட்டிலேயே கட்டினா காசு மிச்சமா?



"பிராண்டட் ஹை-கெயின் வால்வு ஆம்ப் லட்சத்துக்கு மேல போகுது சார். பார்ட்ஸ் வாங்கி நானே கட்டினா பாதி விலைல முடிஞ்சிடும்ல?" கேளம்பாக்கம் பக்கம் கிட்டார் வாசிக்கிற ஐ.டி. தம்பிகள் கேட்கிற கேள்வி இது. இதுக்காக கிரெடிட் கார்டுல ஈ.எம்.ஐ. போடவும் சிலர் ரெடி.

என் கருத்து இதுதான்: ஸ்பீக்கர் கேபினெட்டை தாராளமா நீங்களே கட்டுங்க. ஆம்ப்பைக் கட்டறதா இருந்தா ஆசைக்காகக் கட்டுங்க. அதை சேமிப்புன்னு மட்டும் சொல்லாதீங்க.

மார்ஷலுக்கு ஏன் கணக்கு சரியா வந்தது?

1962-ல லண்டன்ல டிரம் கடை வச்சிருந்த ஜிம் மார்ஷலும் அவரோட ஆட்களும், அமெரிக்காவோட ஃபெண்டர் பாஸ்மேன் சர்க்யூட்டை அடிப்படையா வச்சு முதல் மார்ஷல் ஆம்ப்பைக் கட்டினாங்க. இறக்குமதி ஆம்ப் அங்கே ரொம்ப விலை. அதனால முடிஞ்ச இடத்துல எல்லாம் உள்ளூர் பாகங்களைப் போட்டாங்க, ஸ்பீக்கர் கூட பிரிட்டிஷ் செலஸ்டியன்தான். பாகம் மாறினதுல சத்தமும் மாறிச்சு. ராக் இசைக்கே அது அடையாளம் ஆயிடுச்சு. ஆக, அவருக்குக் காசு மிச்சமானதுக்குக் காரணம், பாகங்கள் பக்கத்துலயே கிடைச்சது.

நம்ம நிலைமை வேற. ரெசிஸ்டர், கெபாசிட்டர், ஸ்விட்ச், ஒயர் எல்லாம் ரிச்சி தெருவுல வாங்கிடலாம். ஆனா வால்வு? ஒரு காலத்துல பெங்களூரு பெல் நிறுவனம் ரேடியோ வால்வு செஞ்சது. இன்னைக்கு கிட்டார் ஆம்ப்புக்கான புது வால்வு பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவுல இருந்துதான் வருது. விலையும் எடையும் அதிகமான அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் வெளிநாட்டுல வாங்கினா, வெப்சைட்ல பார்க்கிற விலை ஆரம்பம் மட்டும்தான். அதுக்கு மேல கூரியர், சுங்க வரி. சுங்க வரியையும் சேர்த்த தொகை மேல ஐ.ஜி.எஸ்.டி. தனி ஆளா வாங்குற உங்களுக்கு இன்புட் கிரெடிட்டும் கிடையாது.

ரிஸ்க்கையும் கணக்குல சேருங்க

ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வுக்குள்ள ரெண்டு ட்ரையோடு இருக்கும். ஹை-கெயின்னா இப்படி மூணு, நாலு கட்டத்தை அடுத்தடுத்து போட்டு சிக்னலைப் பெருக்கறது. கிட்டார் சத்தம் பெருகற மாதிரியே, எர்த்திங் சரியில்லாத ஹம்மும், தப்பா ஓடுற ஒரு ஒயரோட இரைச்சலும் பெருகும். முதல் ப்ராஜெக்ட்டுக்கு இது கஷ்டமான டிசைன். பிரிச்சு மறுபடி கட்டுற செலவும் உங்க நேரமும் எந்த பட்ஜெட் ஷீட்லயும் வர்றதில்ல.

அதைவிட முக்கியம், உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல ஓடும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெபாசிட்டர்ல சார்ஜ் நிற்கும். இங்கே தப்பு நடந்தா நஷ்டம் பணத்தோட முடியாது. பக்கத்துல உட்கார்ந்து சரிபார்க்க அனுபவசாலி இல்லைன்னா இதைத் தொடவே வேண்டாம்.

கேபினெட்ல ஏன் மிச்சம்?

கேபினெட் அடிப்படையில ஒரு காலி மரப்பெட்டி. ரெடிமேடா வாங்கினா காத்துக்கும் சேர்த்து வண்டி வாடகை கொடுக்கறீங்க. 18 எம்.எம். நல்ல பிளைவுட், ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர், தெரிஞ்ச கார்பென்டர் ஒருத்தர், இது மூணும் ஓ.எம்.ஆர். பக்கத்துலயே கிடைக்கும். நம்ம கடல் காத்துக்கு பிளைவுட் ஓரங்களை நல்லா சீல் பண்ணிடுங்க. ரெண்டு 8 ஓம் ஸ்பீக்கரை பேரலலா போட்டா 4 ஓம், சீரிஸ்ல 16 ஓம். ஆம்ப் கேட்கிற ஓமுக்குப் பொருந்தணும். ஸ்பீக்கரை இணைக்காம வால்வு ஆம்ப்பை வாசிச்சா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போயிடலாம்.

வாட்ஸுக்கும் வீணா செலவு பண்ணாதீங்க. 10 வாட்ஸை 100 வாட்ஸ் ஆக்கினா காதுக்கு சுமார் ரெண்டு மடங்குதான் கேட்கும். அபார்ட்மென்ட்டுக்கு அந்த 10 வாட்ஸே அதிகம்.

வரி விஷயம் ரெண்டு வரி

சொந்த உபயோகத்துக்குக் கட்டின ஆம்ப்பை பின்னாடி வித்தா, அது பர்சனல் எஃபெக்ட்ஸ். கேப்பிட்டல் கெயின்ஸ் வராது, நஷ்டத்தை செட்-ஆஃப் பண்ணவும் முடியாது. விக்கிறதுக்காகவே கட்ட ஆரம்பிச்சா அது பிசினஸ் வருமானம். அதுலயும் வேற மாநிலத்துக்கு அனுப்பினா, 40 லட்சம் லிமிட் இருக்கேன்னு உட்கார முடியாது. பொதுவா முதல் விற்பனைக்கே ஜி.எஸ்.டி. பதிவு வேணும்.

அப்போ ஆம்ப்பை எந்த ஹெட்ல எழுதறது? பொழுதுபோக்கு. மாசாமாசம் அதுக்கு ஒதுக்கற பணத்துல, எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாம, ஈ.எம்.ஐ. இல்லாம, பாகம் பாகமா வாங்குங்க. ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்ல. அந்த ஒரு வருஷத்துல முதல்ல கேபினெட்டை முடிங்க. எந்த ஆம்ப் வாங்கினாலும், ஓம் பொருந்தினா அது உதவும்.