உயர்தரமும் மிலிட்டரியும்

ஹோட்டல் பெயர்ப் பலகைகளில் ஒரு வார்த்தை வெகு நாளாக என் கண்ணை உறுத்துகிறது. "உயர்தர சைவ உணவகம்" என்று போடுகிறார்களே, அந்த "உயர்தர"த்தைத்தான் சொல்லுகிறேன். சைவம் என்று போடுவது நியாயம். மாமிசம் சாப்பிடாதவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும். ஆனால் சாம்பாரை ருசி பார்ப்பதற்கு முன்பே வாசலில் தீர்ப்பு எழுதி வைப்பது என்ன நியாயம்?

சென்ற வருஷம் ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போயிருந்தேன். 1751-ல் சந்தா சாகிப்பும் முகம்மதலியும் ஆளுக்கொரு வெள்ளைக்காரனைத் துணைக்கு வைத்துக்கொண்டு அந்த வட்டாரத்தில்தான் மோதினார்கள். கோட்டையில் ஏறி இறங்கியதில் நல்ல பசி. சென்னை-திருச்சி நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய மிலிட்டரி ஹோட்டல் ஒன்று இருந்தது. கூட வந்த நண்பர், "இந்தப் பக்கம் டீசண்டா ஒரு ஹோட்டலும் கிடையாது சார், பெரம்பலூர் போயிடலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டில் ஆட்டுக்கறி சமைக்கச் சொல்லுகிற மனிதர் இவர்!

நான் அங்கேதான் சாப்பிட்டேன். இலை நிறையச் சோறு. கேட்கக் கேட்கக் கறிக் குழம்பு. பிறகு மீன் குழம்பு, ரசம், மோர். சுக்காவுக்கு மட்டும் தனிக் காசு. பக்கத்தில் ஒரு லாரி டிரைவர், எதிரே ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பரிமாறியவர் இருவருக்கும் ஒரே கரண்டியால்தான் ஊற்றினார். என் நண்பருக்கு உறுத்தியது இதுதானோ என்று எனக்குச் சந்தேகம்.

இந்தக் கடைகளின் வம்சாவளி சாமானியமானதல்ல. திருமங்கலத்துப் பக்கம் வடக்கம்பட்டி என்ற கிராமத்தார் தங்கள் காவல் தெய்வத்தின் பெயரால் முனியாண்டி விலாஸ்களைத் தொடங்கி ஊர் ஊராகப் பரப்பினார்கள். நாளின் முதல் விற்பனைக் காசைச் சாமிக்கு எடுத்து வைத்து, வருஷத்துக்கு ஒரு முறை ஊர் திரும்பி, திருவிழாவில் வந்தவர்க்கெல்லாம் பிரியாணியைப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். இதைவிடக் கௌரவமான வியாபாரம் எது?

"சுத்தம் போதாதே" என்பார்கள். போதாவிட்டால் கேளுங்கள், சண்டை போடுங்கள். நானும் கூட வருகிறேன். 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் இட்லிக்கும் ஈரலுக்கும் ஒன்றுதான். அழுக்குக்கு ஜாதி கிடையாது. உயர்தரப் பலகைக்குப் பின்னாலும் அது குடியிருக்கும்.

1957-ல் திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் பலகையிலிருந்த "பிராமணாள்" என்ற சொல்லை அழிக்கப் பெரியார் மாதக் கணக்கில் மறியல் நடத்தினார். நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். அந்தச் சொல் கடைசியில் போயிற்று. அது செய்துவந்த வேலையை "உயர்தரம்" சந்தடியில்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்டது என்பது என் கட்சி. எங்கே மாமிசம் சமைக்கிறார்களோ அங்கே தரம் தாழ்ந்தது என்ற நினைப்பு சமையலறையில் பிறந்ததல்ல; ஜாதியில் பிறந்தது.

அமெரிக்காவின் தென் பகுதியில் மரியானா என்று ஒரு சிற்றூர். ஜோன்ஸ் என்ற கறுப்பர் குடும்பம் அங்கே தலைமுறை தலைமுறையாக ஒரு கடை நடத்துகிறது. இரண்டே மேஜை. விறகுத் தணலில் வாட்டிய பன்றிக்கறி, அதோடு ரொட்டி, வேறொன்றும் கிடையாது. 2012-ல் ஜேம்ஸ் பியர்ட் ஸ்தாபனம் அந்தக் கடையைத் தேடிப் பிடித்து, நாட்டின் அரிய உணவகங்களில் ஒன்றென்று விருது கொடுத்தது. நிறத்தின் பெயரால் மனிதனைப் பிரித்து உட்கார வைத்த தேசம் அது. அங்கேயே இது நடந்திருக்கிறது.

நமக்கு விருதெல்லாம் வேண்டாம். ஹோட்டல் முதலாளிகளே, ஒரு டப்பா பெயிண்ட் வாங்குங்கள். "சைவ"த்தை வைத்துக்கொண்டு "உயர்தர"த்தை அழித்துவிடுங்கள். தரத்தைச் சாப்பிட்டு எழுந்தவன் சொல்லட்டும்.