அருந்ததியைத் தொலைத்த நகரம்

கல்யாண மண்டபத்தில் அம்மி மிதித்து முடிந்ததும் புரோகிதர் மணமக்களை வாசலுக்கு அழைத்து வந்து வானத்தைக் காட்டுகிறார். பெரும்பாலும் அது காலை நேரம். "அருந்ததி தெரிகிறதா?" என்று கேட்டால் இருவரும் தலையாட்டுகிறார்கள். பட்டப்பகலில் தெரியாத நட்சத்திரத்தைத் தெரிவதாக ஒப்புக்கொள்வதில் யாருக்கும் சங்கடமில்லை. ஆனால் பெங்களூர் போன்ற நகரங்களில் இப்போது இரவிலும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான்.

சிட்டி ரயில் நிலையத்தை ஒட்டிய ஒக்கலிபுரத்தையே எடுத்துக்கொள்ளலாம். தமிழர்கள் நிறைய வாழும் பழைய பகுதி. ரயில் பாதை, சாலை, கடைகள் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் விளக்கு. மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவது வெளிறிய ஒளி மூட்டம். அதற்குள் நட்சத்திரங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இத்தனைக்கும் இந்திய வானியலின் தலைமையகங்களில் ஒன்று இதே ஊரில்தான் இருக்கிறது. கோரமங்களாவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பரம்பரை சென்னையில் தொடங்குகிறது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தார். பிறகு ஆய்வு கொடைக்கானல் மலைக்கு ஏறியது. அங்கே சூரியனைப் பார்க்க வசதி இருந்தது. இரவு வானத்துக்கு வேறு இடம் தேவைப்பட்டது. வைணு பாப்பு 1960-களில் தேடிப் பிடித்த இடம், ஜவ்வாது மலையில், பெங்களூரிலிருந்து சுமார் 175 கி.மீ. தொலைவில் உள்ள காவலூர்.

காவலூர் ஏமாற்றவில்லை. 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கவிருந்தது. ஆனால் கிரகம் வந்து சேருவதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சில விநாடிகள் மங்கித் திரும்பியது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது அன்றுதான் வெளிப்பட்டது. அமெரிக்க விஞ்ஞானிகள் பறக்கும் விமானத்திலிருந்து கண்ட இந்த மங்கலை, காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் பதிவு செய்திருந்தது.

அடுத்த தாவல் இமயத்துக்கு. லடாக்கின் ஹன்லேயில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் விட்டமுள்ள சந்திரா தொலைநோக்கி 2000-இல் முதன்முதலாக வானத்தைப் பார்த்தது. அதை இயக்குபவர்கள் அந்தக் குளிரில் நடுங்க வேண்டியதில்லை. பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் தொடர்பு வழியாக இயக்குகிறார்கள். வானியல் பெங்களூரில், வானம் லடாக்கில்!

விஞ்ஞானிகளுக்கு ஹன்லே இருக்கிறது. மொட்டை மாடிக்காரருக்கு?

மேலே சிதறும் விளக்கொளி காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுத் திரும்பி வானத்தை வெளுக்க வைக்கிறது. பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியைவிட, எல்.இ.டி. விளக்கின் நீலம் கலந்த வெள்ளை ஒளி காற்றில் அதிகம் சிதறுகிறது. மின்சாரம் மிச்சமானது, இருட்டு செலவானது.

எவ்வளவு செலவு என்பதற்குக் கணக்கும் உண்டு. கிறிஸ்டோபர் கைபா தலைமையிலான குழு 2023 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, 2011 முதல் 2022 வரை இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடியிருக்கிறது. அதாவது எட்டு ஆண்டுக்குள் இரு மடங்கு. 250 நட்சத்திரங்கள் தெரியும் இடத்தில் பிறக்கும் குழந்தைக்கு, 18 வயதாகும்போது அதே இடத்தில் சுமார் 100 தான் மிஞ்சும்.

இந்தக் கணக்கின் அடிப்படை ராட்சதத் தொலைநோக்கி அல்ல, வெறும் கண். 'குளோப் அட் நைட்' என்ற திட்டத்தில், தங்கள் ஊரில் எந்த அளவு மங்கலான நட்சத்திரம் வரை தெரிகிறது என்பதை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பொதுமக்கள் பதிவு செய்கிறார்கள். அப்படி வந்து சேர்ந்த 51,000-க்கும் அதிகமான பதிவுகள்தான் ஆதாரம். அவற்றில் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. செயற்கைக்கோள்கள் எல்.இ.டி.யின் நீல ஒளியைச் சரியாக உணராததால், அவை காட்டியதைவிட நிலைமை மோசம் என்பதை மனிதக் கண் காட்டிக்கொடுத்தது.

அந்தப் பதிவுக்கு ஒக்கலிபுரத்து மாடியும் போதும். நிலவில்லாத இரவு, தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாத மூலை, இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம். இவ்வளவுதான் தேவை. செல்போனைப் பார்த்தால் கண் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும்.

ஏப்ரல் கடைசி, மே மாத இரவுகளில் ஒன்பது மணி வாக்கில் வடக்கே திரும்பினால் சப்தரிஷி மண்டலம். வால் பகுதியின் நடு நட்சத்திரம் வசிஷ்டர். அதை ஒட்டி, முழுநிலவின் அகலத்தில் பாதிக்கும் குறைவான தூரத்தில், அருந்ததி. நட்சத்திர ஒளி அளவில் எண் கூடக்கூட மங்கல் அதிகம். வசிஷ்டர் சுமார் 2, அருந்ததி 4. பார்வைக் குறை இல்லாதவருக்கு வசிஷ்டர் மட்டும் தெரிந்து அருந்ததி தெரியவில்லை என்றால், குறை வானத்தில்தான்.

அதே நேரத்தில் தெற்கே திரும்பினால், அடிவானத்துக்குச் சற்று மேலே தென்சிலுவை. ஜனவரி, பிப்ரவரியில் தெற்கே பளிச்சிடுவது அகத்தியர் நட்சத்திரம். வானத்தில் சூரியனை விட்டால் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் அதற்குத்தான். லண்டனில் இருப்பவர் இவ்விரண்டையும் எந்த நாளும் பார்க்க முடியாது. 13 பாகை அட்சரேகையில் இருக்கும் பெங்களூருக்கு இயற்கை கொடுத்த சலுகை இது. சந்திரனையும் கிரகங்களையும் எந்த விளக்காலும் மறைக்க முடியாது: பைனாகுலரைக் கை நடுங்காமல் பிடித்தால் வியாழனின் நான்கு நிலாக்கள் வரை போகலாம். வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால், சௌடையா சாலையில் 1989-இல் திறந்த ஜவாஹர்லால் நேரு கோளரங்கம் சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது.

வானத்தை மீட்பதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. காற்றில் கலந்த புகை போக நாளாகும். ஒளி மாசு விளக்கை அணைத்த அந்த நொடியே போய்விடும். விளக்குக்கு மேலே ஒரு மூடி, தரையை மட்டும் பார்க்கும் கோணம், ஆளில்லாத நேரத்தில் அணைக்கும் பழக்கம். ஹன்லேயைச் சுற்றி 1,073 சதுர கி.மீ. பரப்பு 2022 டிசம்பரில் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கிராமத்தார் ஜன்னலுக்குத் திரை போடுகிறார்கள். வருகிறவர்களுக்குத் தொலைநோக்கியில் வானத்தைக் காட்டவும் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். இருட்டு அவர்களுக்கு வருமானம்.

பெங்களூர் ஹன்லே ஆகப் போவதில்லை. ஆனால் ஆண்டுதோறும் அதே மாதம், அதே மாடியிலிருந்து எத்தனை நட்சத்திரம் தெரிந்தது என்று ஒருவர் நோட்டில் குறித்து வைத்தால், விளக்குக்கு மூடி கேட்டுப் போகும்போது கையில் ஒரு கணக்கு இருக்கும். எண்ணிக்கை குறைந்தாலும் குறிக்க வேண்டும். அதுதான் முக்கியமான பதிவு.